மலையகத்தில் ஊரடங்குக் காலம்: லயமும் டவுன் கடையும் பட்ட பாடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020, 2021 கொரோனா ஊரடங்கு இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தை எப்படிப் பாதித்தது என்று ஆய்வுக்கு வரும் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் கேட்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து பேசும் சொந்தக்காரர்களும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். ஹட்டன் பக்கக் கடைத்தெருவில் வளர்ந்தவன் என்பதால் என் பேச்சு கடைக்காரர் பக்கம் கொஞ்சம் சாயும். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

எந்தெந்தக் காலத்தில் மூடியிருந்தது?

மூன்று பெரிய கட்டங்கள். முதலாவது, 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதற்கும் போட்ட ஊரடங்கு. கண்டி மாவட்டத்தை ஆபத்துக் கூடிய மாவட்டங்களில் சேர்த்ததால் அங்கே தொடர்ந்து பூட்டு. நுவரெலியா, பதுளைப் பக்கம் சில நாட்களுக்கு ஒரு தடவை காலை 6 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை திறந்துவிட்டார்கள். பிறகு படிப்படியாகத் தளர்த்தி, ஜூன் 28ஆம் திகதி முற்றாக நீக்கினார்கள். இடையில் மே 26ஆம் திகதி அமைச்சர் ஆறுமுகன் தொண்டமான் காலமானார். நோர்வூட்டில் நடந்த இறுதிக்கிரியைக்காக நுவரெலியா மாவட்டத்துக்குத் தனியாக ஊரடங்கு போட்டதை இங்கே எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணியும் (ஓரிடத்திலிருந்து பரவும் தொற்று) பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணியும் வந்த பிறகு. பேலியகொடையிலிருந்து மலையகத்துக்கு மீன் வருவது எல்லாருக்கும் தெரியும். மீன் வியாபாரத்தோடு சேர்ந்து தொற்றும் மேலே ஏறியது, ஹட்டன் டவுன் முடங்கியது.

மூன்றாவது 2021. மே 21 முதல் ஜூன் 21 வரை பயணக் கட்டுப்பாடு, அப்புறம் ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 அதிகாலை வரை தனிமைப்படுத்தல் ஊரடங்கு. ஓகஸ்டில் அரசாங்கம் அறிவிக்கும் முன்னரே மலையக டவுன்கள் பலவற்றில் வர்த்தகர்கள் தாங்களாகவே கடைகளைச் சாத்தினார்கள். நோய்க்குப் பயந்துதான். வியாபாரத்தை இழந்து கதவைச் சாத்துகிற அளவுக்கு அப்போது சாவுச் செய்தி வந்துகொண்டிருந்தது.

ஒரு ஊரை மட்டும் பூட்டியது உண்டா?

உண்டு. 2020 மார்ச் கடைசியில் கண்டி மாவட்டத்து அக்குறணையை மொத்தமாக முடக்கினார்கள். அக்குறணை வியாபாரத்திலேயே வாழும் ஊர். அங்கே உள்ளவர்களுக்கு நாடு பூராகவும் கடை உண்டு. பூட்டியது ஒரு ஊர் என்றாலும் கதவு சாத்தப்பட்ட கடைகள் பல ஊர்களில். அதோடு முஸ்லிம் வியாபாரிகளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிற பழக்கமும் சேர்ந்துகொண்டது. தொற்றில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்ற விதி 2021 பெப்ரவரி வரை நீடித்தது அந்தக் காயத்தை இன்னும் ஆழமாக்கியது.

2021இல் தோட்டங்களைத் தனித்தனி டிவிசனாக (தோட்டத்தின் ஒரு பிரிவு), சில வேளை தனித்தனி லயமாகக்கூட (தொழிலாளர் வரிசை வீடு) முடக்கினார்கள். டிவிசன் வாசலில் ஒரு கயிறும் ஒரு பொலிஸ்காரரும் இருந்தால் முடக்கம். சட்டப்படி பார்த்தால் இப்படி ஒரு இடத்தைத் தனியாக முடக்கியது 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான்.

நாடே மூடியிருந்தபோது தோட்டத்தில் வேலை நடந்ததா?

நடந்தது. தொடக்கத்தில் சில நாள் குழப்பம் இருந்தது, அப்புறம் தேயிலைக்கு விலக்குக் கிடைத்தது. கொழுந்து காத்திருக்காது. வாரத்துக்கு ஒரு சுற்று எடுக்காவிட்டால் முற்றிப் போகும், பிறகு மலையையே (தேயிலை நிலத்தையே) கவாத்து வெட்ட வேண்டி வரும். ஏற்றுமதி வருமானமும் அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது. 1883 முதல் நேரில் கூடி நடந்த கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரல் 4ஆம் திகதி முதல் தடவையாக இணையத்துக்கு மாறியது. நூற்றுமுப்பது வருடத்துக்கு மேலாக நகராத ஒன்றைச் சில வாரத்தில் நகர்த்தினார்கள் என்றால் தேவை எவ்வளவு என்று புரியும்.

2019இல் 300 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2020இல் 278 மில்லியன் அளவுக்கு இறங்கியது. அதில் வருட ஆரம்பத்து வரட்சிக்கும் பங்கு உண்டு. ஏலத்தில் சராசரி விலை மட்டும் 600 ரூபாவைத் தாண்டியது.

சரி, வேலை நடந்தது, சம்பளமும் வந்தது. அப்படியானால் தோட்டத்து ஆட்களுக்கு என்ன குறை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொழும்பில் கூட்டம் போட்டுப் பேசியவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். தோட்டத்து வீடு ஒன்று தோட்டச் சம்பளத்தில் மட்டும் ஓடி ரொம்பக் காலமாகிவிட்டது.

ஒரு லயத்துக் காம்பராவை (அறை வீட்டை) எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா டவுனில் மேசன் வேலைக்கோ லொறியில் மூட்டை தூக்கவோ போகிறார். மூத்த பையன் கொழும்பில் புடவைக்கடையிலோ சாப்பாட்டுக் கடையிலோ நிற்கிறான், மகள் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறாள். நாலு வருமானத்தில் மூன்று ஊரடங்கோடு நின்றது. மிஞ்சியது அம்மாவின் பேர் மட்டும், அதாவது தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பதியும் சம்பளம். அதுவும் 2020இல் அடிப்படை 700 ரூபா, விலைப் பங்கு 50 ரூபா. நாளுக்கு ஆயிரம் ரூபா என்பது 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. வந்த பிறகு நாளுக்கு எடுக்க வேண்டிய கிலோ ஏறியது. எடுக்க வேண்டிய கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர்தான்.

அடுத்தது கடைக்குப் போகும் நேரம். ஊரடங்கு தளர்த்தும் காலை 6 முதல் பிற்பகல் 2 வரையான நேரம்தான் மலையில் கொழுந்து எடுக்கும் நேரமும். டவுனுக்குப் போனால் அன்றைய பேர் போச்சு. மலைக்குப் போனால் அரிசி இல்லை. நேரத்தைத் தீர்மானித்தவர் பெரட்டுக்களத்தை (காலையில் தொழிலாளருக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) ஒரு தடவையாவது பார்த்திருந்தால் மாலை 5 மணிக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் திறந்துவிட்டிருப்பார்.

தோட்டத்துக்குள் இருந்த சில்லறைக் கடைகள் தப்பினவா?

வியாபாரம் நடந்தது, காசு வரவில்லை.

தோட்டத்துச் சில்லறைக் கடை ஓடுவதே கொப்பிக் கணக்கில்தான். பெயர்கூட எழுத மாட்டார்கள். "மேல் லயம், 4ஆம் காம்பரா" என்று ஒரு பக்கம். அதில் மா 2 கிலோ, பருப்பு 250, சீனி அரை, தேங்காய் 1, போன் ரீலோட் 100 என்று கீழே கீழே போகும். 10ஆம் திகதி சம்பளம் போட்டதும் ஒரு பகுதியைக் கட்டி, மிச்சத்தைப் புதுப் பக்கத்துக்கு எடுத்துப் போவார்கள். இது கடைக்காரருக்கும் வீட்டுக்கும் இடையில் பல தலைமுறையாக ஓடுகிற ஏற்பாடு. இதற்கு வட்டி கிடையாது, ஆனால் அரிசி விலையில் ஐந்தோ பத்தோ கூட இருக்கும். அது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

2020 ஏப்ரலில் கொழும்புக் காசு நின்றதும் கொப்பி வீங்கியது. கடைக்காரர் இல்லை என்று சொல்ல முடியாது, ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அதே நேரம் டவுன் மொத்த வியாபாரி கடனை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் முன்திகதியிட்ட செக் ஒன்றைக் கொடுத்தால் மூட்டையை ஏற்றிவிடுவார்கள். ஊரடங்கில் காசு வைத்தால்தான் சாமான். கீழே கடன் கொடுத்து மேலே காசு கட்ட வேண்டிய நிலை. கையிலிருந்த நகை அடகுக்குப் போனது அப்படித்தான்.

இதற்கிடையில் 2020 மார்ச்சில் பருப்பு கிலோ 65 ரூபா, டின்மீன் 100 ரூபா என்று ஜனாதிபதி உத்தரவு வந்தது. வாங்குகிறவருக்கு நல்ல செய்தி. அதைவிடக் கூடிய விலைக்கு ஏற்கனவே மூட்டை இறக்கியிருந்த சின்னக் கடைக்காரர் ஒவ்வொரு கிலோவிலும் கைக்காசு போட வேண்டி வந்தது. போடாதவர்கள் "பருப்பு முடிஞ்சது" என்றார்கள். சில வாரத்தில் அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டார்கள்.

டவுனில் எந்தத் தொழில் அதிகம் அடிபட்டது?

என் கணிப்பில் புடவைக்கடை. சித்திரைப் புத்தாண்டை நம்பிக் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து சரக்கு எடுத்து, மார்ச் முதல் வாரத்தில் தட்டுகளை நிரப்பி வைத்திருந்தார்கள். புத்தாண்டு பூட்டின கதவுக்குள் போனது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்களும் நின்றதால் அந்த வியாபாரமும் இல்லை. சரி, தீபாவளியில் பிடித்துவிடலாம் என்று இருந்தார்கள். 2020 தீபாவளி நவம்பர் 14. மேல் மாகாணத்தை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது என்று 11ஆம் திகதி நள்ளிரவிலிருந்து தடை வந்தது. தீபாவளிக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள்தான் சம்பளத்தையும் போனஸையும் கொண்டுவந்து தம்பி தங்கைக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பவர்கள். தோட்டம் கொடுத்த தீபாவளி முற்பணம் பழைய கொப்பிக் கடனுக்கே போனது. ஒரு வருட மொடல் சட்டையை அடுத்த வருடம் யார் எடுப்பார்கள்? இரண்டு சீசன் சரக்கும் அலுமாரியில் கிடக்க, செக் மட்டும் திகதி தவறாமல் வங்கிக்கு வந்தது.

தையல் கடை, சலூன், ஸ்டூடியோ, மாலை கட்டுபவர், மண்டபம் பிடித்துச் சமைப்பவர், பந்தலும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடுபவர் என எல்லாரும் அதே படகில். கல்யாணமும் சடங்கும் திருவிழாவும் இல்லாவிட்டால் இவர்களுக்கு வருமானமே கிடையாது. சைவச் சாப்பாட்டுக் கடைகளுக்கு இன்னொரு அடி: இறக்குமதிக் கட்டுப்பாட்டில் உளுந்தும் மஞ்சளும் பல மடங்கு விலை ஏறின. வடை சிறுத்தது. சில கடைகளில் தோசையே நின்றது.

மரக்கறி செய்தவர்கள்?

நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கம் லீக்ஸ், கரட், கோவா, பீட்ரூட், உருளைக்கிழங்கு. தோட்டத்து ஆட்களிலும் பலர் லயத்துக்குப் பின்னாலோ குத்தகைக் காணியிலோ போடுகிறார்கள். ஊரடங்கில் விவசாயத்துக்குத் தடை இல்லை. லொறிக்கும் பாஸ் கிடைத்தது. ஆனால் கொழும்பில் சந்தை திறந்தால்தானே லொறிக்கு வேலை? ஹோட்டல்கள் வாங்கவில்லை, சந்தை சில நாள் திறந்தது, சில நாள் மூடியது. லீக்ஸ் பிடுங்கிக் கழுவிக் கட்டிவிட்டால் இரண்டு நாளில் விற்றாக வேண்டும். மேலே கிலோவுக்குக் கூலிகூடக் கட்டாத விலை, கீழே வாங்குகிறவருக்கு எட்டாத விலை. இரண்டுக்கும் நடுவில் நின்றவர்களில் சிலர் நன்றாகவே சம்பாதித்தார்கள் என்பதை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

கொஞ்சம் நிமிரும்போது 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. நவம்பரில் தடை நீங்கும் வரை பட்ட நட்டத்தை ஊரடங்கோடு சேர்ப்பதா, தனியாக வைப்பதா என்று விவசாயியிடம் கேட்டால் அவருக்கு இரண்டும் ஒரே வருடத்துக் கதை.

நுவரெலியாவின் ஏப்ரல் சுற்றுலாச் சீசன்?

மூன்று வருடம் போனது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு அந்தச் சீசனை இடையில் முறித்தது. 2020 ஏப்ரல் முழுதாகப் பூட்டு, மலர்க் கண்காட்சியும் இல்லை குதிரைப் பந்தயமும் இல்லை. 2021 ஏப்ரலில் கூட்டம் வந்தது, அந்தப் புத்தாண்டுக் கூட்டங்களுக்குப் பின்னால் மூன்றாம் அலையும் வந்தது. விமான நிலையம் 2020 மார்ச்சில் மூடி 2021 ஜனவரி 21இல்தான் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்தது. பெரிய ஹோட்டல்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. கிரகரி வாவியோரம் மட்டக்குதிரை பிடித்து நிற்கும் பையன், பேல் பஜாரில் சுவெட்டர் விற்பவர், றம்பொடை வளைவில் சோளம் அவிப்பவர், அறைகளில் துணி மாற்றும் தோட்டத்துப் பெண்கள் ஆகியோருக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பதிவு இல்லை. பதிவு இல்லாததால் நிவாரணக் கடனுக்கு விண்ணப்பிக்கவும் முடியவில்லை.

லயத்தில் எப்படித் தனிமைப்படுத்தினார்கள்?

முடியவில்லை என்பதுதான் நேரான பதில். வெள்ளைக்காரன் காலத்து லயக் காம்பரா 10 அடிக்கு 12 அடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு (வராந்தா), பின்னால் குசினி. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பங்கள். தண்ணீர்ப் பீலி பொது, பல இடங்களில் கக்கூசும் பொது. ஒரு காம்பராவில் தொற்று என்றால் பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து முழு லயத்தையும் பூட்டுவார். நோய் இல்லாதவருக்கும் 14 நாள் பேர் கிடையாது. சில தோட்டங்களில் பாடசாலையையும் கலாசார மண்டபத்தையும் தனிமைப்படுத்தல் நிலையமாக்கினார்கள். பூட்டின வீட்டுக்குப் பத்தாயிரம் ரூபா பெறுமதியான உலர் உணவுப் பொதி என்று திட்டம் இருந்தது. சில இடங்களில் முதல் வாரத்திலேயே வந்தது, சில இடங்களில் பூட்டுத் திறந்த பிறகு வந்தது. பக்கத்து லயத்துக்காரர்கள் சோறாக்கி வேலியோரம் வைத்துவிட்டுப் போனதுதான் பலரைக் காப்பாற்றியது.

அரசாங்கத்தின் நிவாரண ஐயாயிரம் ரூபா எல்லாருக்கும் கிடைத்ததா?

இல்லை. 2020 ஏப்ரல், மே மாதங்களில் கொடுத்த 5,000 ரூபா சமுர்த்தி (அரசாங்கத்தின் வறுமை நிவாரணத் திட்டம்) பட்டியலையும் குறைந்த வருமானப் பட்டியலையும் வைத்துக் கொடுக்கப்பட்டது. தோட்டத்தில் பேர் பதிந்தவருக்கு வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது என்று பல இடங்களில் விட்டுவிட்டார்கள். தோட்டத்தில் பேர் இல்லாமல் லயத்தில் மட்டும் இருப்பவர்களைத் தோட்ட நிர்வாகமும் தன் ஆள் என்று சொல்லவில்லை, கிராமப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. கத்தி, மனுக் கொடுத்து, பிறகு சிலருக்குக் கிடைத்தது. 2021 ஓகஸ்ட் முடக்கத்தில் அது 2,000 ரூபாவாகச் சுருங்கியது.

கடன் தவணை நிறுத்தம் கொடுத்தார்களே, அது உதவவில்லையா?

மூச்சு விட நேரம் கொடுத்தது. மத்திய வங்கி அறிவித்த சலுகையில் ஓட்டோ, பாடசாலை வான், சின்ன வியாபாரக் கடன் எல்லாம் அடங்கின. ஆனால் தவணை தள்ளிப்போனதே தவிர வட்டி தள்ளுபடி ஆகவில்லை. சலுகை முடிந்ததும் கணக்குப் பத்திரம் வந்தபோது கட்ட வேண்டிய மாதங்களும் கூடியிருந்தன, தொகையும் கூடியிருந்தது. எனக்குத் தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவருக்கு லீசிங் கம்பனியிலிருந்து "நீங்கள்தானே சம்மதித்தீர்கள்" என்றார்கள். சம்மதம் எஸ்எம்எஸ்ஸில், ஆங்கிலத்தில் வந்திருந்தது.

4 வீத வட்டியில் சௌபாக்யா கொவிட் மறுமலர்ச்சிக் கடன் என்று நல்ல திட்டமும் ஒன்று இருந்தது. வியாபாரப் பதிவு, வரிக் கணக்கு, வங்கியோடு பழைய உறவு உள்ளவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. கொப்பிக் கணக்குக் கடைக்காரருக்குக் கிடைத்தது சீட்டும், அடகும், தெரிந்தவரிடம் மாத வட்டியும்தான். பெண்கள் குழுவாக எடுத்த நுண்கடனை வசூலிக்க வருபவர்கள் மட்டும் முடக்கம் தளர்ந்த முதல் வாரத்திலேயே லயத்து வாசலில் நின்றார்கள்.

கொழும்பில் வேலை பார்த்த பிள்ளைகள்?

2020 மார்ச்சில் கடை பூட்டியபோது பலர் முதலாளி கொடுத்த மேல்மாடி அறையிலேயே மாட்டிக்கொண்டார்கள். நல்ல முதலாளி சாப்பாடு போட்டார். எல்லாரும் நல்ல முதலாளி இல்லை. ஊருக்கு வந்தவர்களைக் கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து 14 நாள் வீட்டுக்குள் வைத்தார்கள். "கொழும்பிலிருந்து வந்திருக்கான்" என்று சொன்னாலே பீலியடியில் ஆட்கள் விலகினார்கள். ஒக்டோபரில் அது இன்னும் மோசம். திரும்பிப் போகாமல் நின்றவர்களில் சிலர் கொழுந்து மலைக்கு இறங்கினார்கள், சிலர் மரக்கறி போட்டார்கள். பலர் வெளிநாட்டுக்குப் பாஸ்போட் எடுத்தார்கள்.

பாடசாலை?

2020 மார்ச்சில் மூடி, திறந்து, மூடி, கடைசியில் 2021 ஒக்டோபரில் சின்னப் பாடசாலைகளிலிருந்து திறந்தார்கள். சூம் வகுப்புக்கு ஒரு வீட்டில் ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். சிக்னலுக்காக மேட்டில் ஏறிக் குடைக்குக் கீழே உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வருடத்தில் கடை வேலைக்குப் போன பையன்கள் பலர் திரும்ப வகுப்புக்கு வரவில்லை. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

யாருமே இலாபம் பார்க்கவில்லையா?

பார்த்தார்கள். சொந்த லொறி வைத்திருந்த பலசரக்கு வியாபாரி, தவணைக்குப் போன் விற்றவர், ஓட்டோவில் பாண் கொண்டுபோனவர், வீட்டு வாசலில் கோழி வெட்டிக் கொடுத்தவர். சாராயக் கடை பூட்டியிருந்த வாரங்களில் வீட்டில் காசு தங்கியது என்று சொன்ன பெண்கள் உண்டு. அது நீடிக்கவில்லை, கசிப்பு (கள்ளச்சாராயம்) வந்துவிட்டது.

கஷ்டம் எல்லாம் 2022 பொருளாதார நெருக்கடியால் வந்தது என்கிறார்களே?

2022இல் எரிபொருள், காஸ், மா எல்லாவற்றுக்கும் வரிசை நின்றது உண்மை. அந்த அடி எல்லாருக்கும் ஒன்றாக விழவில்லை. கையில் நகையும் சேமிப்பும் இருந்தவர் சமாளித்தார். மலையகத்து வீடுகளிலும் கடைகளிலும் அவை 2020, 2021இலேயே கரைந்துவிட்டன. டவுனில் 2022இல் பூட்டின கடைகளின் கணக்கைப் பின்னோக்கிப் பார்த்தால் 2020 புத்தாண்டுச் சரக்குச் செக்கில் போய் நிற்கும்.

இன்னொரு தடவை மூட வேண்டி வந்தால் எதை மாற்றலாம்?

கடை திறக்கும் நேரத்தைத் தோட்ட வேலை முடியும் நேரத்தோடு பொருத்துங்கள். வாரத்துக்கு ஒரு நாள் மொத்த விற்பனை லொறியை டிவிசனுக்கே அனுப்பினால் தோட்டத்துச் சில்லறைக் கடைக்காரரும் அங்கேயே சரக்கு எடுப்பார், டவுனில் நெரிசலும் குறையும். நிவாரணப் பட்டியலைத் தோட்டப் பேரை வைத்துப் போடாமல், காம்பராவில் யார் இருக்கிறார் என்று பார்த்துப் போட வேண்டும். கடன் சலுகைக் கடிதத்தைத் தமிழில் அனுப்புங்கள், தவணையை நிறுத்தினால் கடைசியில் எவ்வளவு கூடும் என்ற தொகையையும் அதிலேயே போடுங்கள். பூட்டின லயத்துக்கு அந்த 14 நாள் பேரையும் போட வேண்டும். அதை யார் கட்டுவது, கம்பனியா அரசாங்கமா என்பதைத் தொற்று வருவதற்கு முன்னரே பேசி முடிக்க வேண்டும், ஏனென்றால் வந்த பிறகு இருவரும் மற்றவரைக் கையைக் காட்டுவார்கள்.